கூறைப் புடவை மாற்றும் நேரத்துக்கு ஒரு கல்யாணி

தங்கைக்கு வரன் குதிர்ந்ததும் வீட்டில் முதலில் எழுந்த பேச்சு மண்டபம். அடுத்தது சமையல். மேளம் என்பது, பத்திரிகை அச்சுக்குப் போன பிறகு ஏதாவது ஒரு மாமாவுக்கு நினைவு வந்து, "நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான், போன் போட்டா வந்துடுவான்" என்று முடிகிற சமாச்சாரம். நான் வரிசையை மாற்றலாம் என்றேன். ஜோசியர் குறித்துக் கொடுத்த முகூர்த்தங்களில் நமக்கு வேண்டிய நாயனக்காரர், அதாவது நாதஸ்வர வித்வான், எந்தத் தேதியில் கிடைக்கிறாரோ, அந்தத் தேதிக்கு மண்டபம் பிடிப்போம். அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "மேளக்காரருக்காக மண்டபத்தை மாத்துவியாடா?" என்று அத்தைதான் கேட்டது.

மாற்றலாம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். மாயவரத்திலும் கும்பகோணத்திலும் மண்டபத்துக்குப் பஞ்சமில்லை. ஒன்றில் ஏசி நன்றாக இருக்கும், இன்னொன்றில் வண்டி நிறுத்த இடம் தாராளமாக இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் கல்யாண நாள் இடறாமல் போகிறதா, இல்லை ஆளாளுக்குக் கத்தி, வியர்த்து விறுவிறுத்து, ராகு காலம் பிறக்கப் போகிற கடைசி நிமிஷத்தில் தாலி ஏறுகிறதா என்பது பாதிக்கு மேல் மேளத்தின் கையில் இருக்கிறது. மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற 600 பேருக்கு மேடையில் என்ன நடக்கிறதென்று தெரியாது. தெரிவதெல்லாம் போட்டோகிராபரின் முதுகு. அவர்களுக்கு மணி சொல்வது நாயனம். தவில் வேகம் பிடித்தால் பேச்சை நிறுத்திவிட்டு அட்சதையைத் தேடுவார்கள். ராகம் நிதானமாக இழைந்துகொண்டிருந்தால், இன்னும் நேரமிருக்கிறது என்று ஒரு காப்பிக்கு எழுந்து போவார்கள். யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. குத்தாலத்தில் பஸ் ஏறிக் கும்பகோணம் போகிற வழியிலேயே திருவாவடுதுறை, நரசிங்கம்பேட்டை எல்லாம் வந்துவிடும். முன்னது நாயன மேதை ராஜரத்தினம் பிள்ளையின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஊர். பின்னது நாயனம் செய்கிற ஊர். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் நன்றாகக் காய்ந்த ஆச்சா மரத்தைக் கடைந்து செய்வார்கள். 2022இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) தலையெடுக்கும் வரை புழக்கத்தில் இருந்தது திமிரி நாயனம். குட்டையானது, உச்சச் சுருதியில் ஒலிப்பது, நாலு வீதிக்கும் கேட்க வேண்டிய சாமி புறப்பாட்டுக்குப் பொருத்தமானது. அவருக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி செய்துகொடுத்த நீளமான பாரி நாயனம் சுருதியைக் கீழே இறக்கியது. இன்று ஏறக்குறைய எல்லார் கையிலும் பாரிதான். நாலு பக்கமும் கண்ணாடி அடைத்த ஏசி மண்டபத்துக்குள் திமிரியை ஊதினால் முன்வரிசைப் பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு பந்திக்குப் போய்விடுவார்கள். நாம் மண்டபத்துக்குள் உட்கார்ந்து மேளம் கேட்க முடிகிறதென்றால் அந்த ஆசாரிக்கு ஒரு கும்பிடு போடலாம்.

நல்ல செட்டுக்குக் கிராக்கி என்பதையும் சொல்ல வேண்டும். ஆடி, புரட்டாசி, மார்கழி கழித்தால் மிச்ச மாதங்களில்தான் கல்யாணம். அதிலும் தை, வைகாசி, ஆவணி என்று கூட்டம் குவியும். ஒரே முகூர்த்த நாளில் சீர்காழியிலிருந்து மன்னார்குடி வரை எல்லா மண்டபமும் நிறையும். எல்லாருக்கும் வேண்டியது இரண்டு நாயனம், இரண்டு தவில், ஒரு தாளம், ஒரு சுருதிப்பெட்டி. பஞ்சாங்கம் கைக்கு வந்த வாரமே தேதி கேட்கப் போய்விடுவது நல்லது.

நாங்கள் தேடிப் போனவர் ஓட்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சீவாளி பார்த்துக்கொண்டிருந்தார். கொறுக்கைத் தட்டையில் செய்த சின்னச் சின்ன ஊதுவாய்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் நனைத்து, ஒவ்வொன்றாக உதட்டில் வைத்து ஊதிப் பார்த்து, தேறியது ஒரு பக்கம், தேறாதது ஒரு பக்கம். தேறாத குவியல்தான் பெரியது. நான் போனில் தட்டி வைத்திருந்த பாட்டுப் பட்டியலை நீட்டினேன். அவர் வாங்கவே இல்லை.

"லிஸ்ட்டு அப்புறம் பார்ப்போம் தம்பி. பொண்ணு கூறைப் புடவை மாத்துற ரூமு மேடைக்குப் பக்கத்துலயா, மாடியிலயா?"

"மாடியிலதாங்கய்யா."

"லிஃப்ட்டு இருக்கா?"

"இல்லீங்க."

"அப்ப அரை மணி நேரம் வச்சுக்குங்க. மேக்கப்புக்கு ஆளு வர்றாங்களா? அப்ப இன்னும் கொஞ்சம் கூட வச்சுக்குங்க."

எத்தனையோ கல்யாணம் பார்த்திருந்தும் எனக்குத் தோன்றாத கேள்வி இது. எங்கள் பக்கத்துக் கல்யாணம் எங்கே நொண்டுகிறது என்று எண்ணிப் பார்த்தால் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். தாரை வார்த்து முடிகிறது, கூறைப் புடவையைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார்கள், பெண் அதை வாங்கிக்கொண்டு கட்டிவரப் போகிறாள். மாயவரத்தில் கூறைநாடு என்று ஒரு பகுதிக்கே பெயர் வாங்கிக் கொடுத்த புடவை. சும்மா சுற்றிக்கொண்டு வந்துவிட முடியாது. மடிப்பு, பின், தலையலங்காரத்தில் ஒரு திருத்தம், நடுவில் ஒரு போட்டோ. அந்த நேரம் முழுக்க மேடையில் மாப்பிள்ளை மட்டும் தனியாகப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மண்டபம் கலைய ஆரம்பிக்கும். யாராவது மைக்கைப் பிடித்து வாழ்த்துரை தொடங்குவார். தொடங்கினால் முடிக்க மாட்டார். பெண் வந்து நிற்பாள், ஐயர் கடிகாரத்தைப் பார்ப்பார், வாழ்த்துரைக்காரரோ "ஆகவே, அன்புக்குரிய உறவினர்களே" என்பார்.

"அந்த நேரத்துலதான் நான் கல்யாணி ராகம் எடுப்பேன்" என்றார் நாயனக்காரர். "ஆலாபனை, ஒரு கீர்த்தனை, கொஞ்சம் ஸ்வரம், தவிலுக்குத் தனி. பொண்ணு படியிறங்குறப்ப ஒருத்தர் எனக்குக் கை காட்டினாப் போதும். ராகத்தை எங்க வேணா சுருட்டிக்கலாம் தம்பி. இன்னும் பத்து நிமிஷம் வேணும்னா பத்து நிமிஷம் இழுக்கலாம். பாட்டை அப்படிப் பண்ண முடியுமா?"

என் கையிலிருந்த பட்டியலில் இருந்ததெல்லாம் பாட்டு. எல்லாம் நாலு, அஞ்சு நிமிஷத்துச் சரக்கு. ஓடி முடிந்தால் வெறுமை, நடுவில் நிறுத்தினால் கழுத்தைப் பிடித்து நெரித்த மாதிரி. ராகம் மட்டும்தான் நம் தாமதத்துக்குத் தக்கபடி நீளும், சுருங்கும். எனக்கு அந்தத் திண்ணையிலேயே கல்யாணத் திட்டம் முக்கால்வாசி முடிந்துவிட்டது. சடங்கு நடக்கிற நேரத்தில் சின்ன உருப்படி, காத்திருக்கிற நேரத்தில் பெரிய ராகம். மிச்சமெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

எங்களுடையது வெள்ளிக்கிழமை முகூர்த்தம், 9 முதல் 10.30. வெள்ளியன்று 10.30க்கு ராகு காலம் பிறந்துவிடும், அதனால் பின்பக்கம் தள்ள இடமே கிடையாது. இப்படிப்பட்ட நாளைத் தாலியிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் வகுக்க வேண்டும். காலை 5 மணியிலிருந்து முன்னோக்கி எண்ணினால் ஒவ்வொரு காரியமும் ஐந்தைந்து நிமிஷம் தின்று கடைசியில் தாலி மாட்டிக்கொள்ளும். நாங்கள் தாலியை 9.50க்கு வைத்தோம். பெண் திரும்பி மணவறைக்கு வர வேண்டியது 9.40. அப்படியானால் கூறை கொடுப்பது 9.05. தாரை 8.50. பெண்ணை மணவறைக்கு அழைத்து வருவது 8.30க்குள். இதைக் காட்டியபோது ஐயர் சிரித்தார். ஆனால் பாத பூஜையை எதில் சேர்ப்பது, எதைச் சுருக்கலாம், எதைச் சுருக்கவே கூடாது என்று அவரே திருத்திக் கொடுத்தார். ஒரே தாள். அதன் நகல் மூன்று பேரிடம் மட்டும்: ஐயர், நாயனக்காரர், சமையல் மாஸ்டர். இந்த மூவரையும் முதல் நாள் சாயங்காலம் ஒன்றாக உட்காரவைத்துக் காப்பி கொடுத்ததுதான் இந்தக் கல்யாணத்தில் நான் செய்த உருப்படியான காரியம் என்பேன். வழக்கமாக அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் முகூர்த்தத்தின்போதுதான் பார்க்கிறார்கள்.

வாட்ஸப் குழுவில் நிமிஷவாரியாக அட்டவணை போடுகிற வழக்கம் இப்போது பரவிவிட்டது. போடுங்கள், தப்பில்லை. ஆனால் பெரியம்மா பட்டுப்புடவையோடு இருக்கும்போது போனைத் திறந்து 8.30க்கு என்ன என்று பார்க்க மாட்டார்.

முதல் நாள் மாப்பிள்ளை அழைப்புக்கு எந்த மேளம் என்பதில்தான் இசைத் தகராறு வந்தது. மாப்பிள்ளை வீடு தஞ்சாவூர். அவருடைய நண்பர்களுக்குச் செண்டை மேளம் வேண்டும். எனக்குச் செண்டை பிடிக்காது என்றில்லை. திருச்சூரில் பூரம் நடக்கும்போது போய் நின்று கேட்க வேண்டிய வாத்தியம் அது. தவில் பிறந்த மண்ணில் அதற்கு என்ன வேலை என்பது என் கட்சி. தஞ்சாவூர்க்காரர்கள் தப்பாட்டத்தை விட்டுவிட்டுப் பாலக்காட்டுக்கு ஆள் அனுப்புகிறார்களா என்று மாப்பிள்ளையிடமே கேட்டேன். அவருக்கு ரோசம் வந்துவிட்டது. அடுத்த நாளே தப்பாட்டக் குழுவுக்குச் சொல்லிவிட்டார். அதற்கு எங்கள் பக்கத்துப் பெரியப்பா ஒருவர், "தப்பு சாவுக்கு அடிக்கிறதாச்சே" என்று முகம் சுளித்தார். "மாட்டுப் பொங்கலுக்கு நம்ம வாசல்லதானே பெரியப்பா அடிச்சாங்க? நீங்கதானே வேட்டி குடுத்தீங்க?" என்றேன். பேசாமல் வெற்றிலையை எடுத்து மடிக்க ஆரம்பித்துவிட்டார்.

பிள்ளையார் கோயில் வாசலில் வைக்கோலைக் கொளுத்தித் தப்பின் தோலைக் காட்டிக் காய்ச்சினார்கள். சூடேற ஏறத் தொனி மாறும். முதலில் 'தொப் தொப்' என்று சோம்பலாக இருந்தது, பிறகு 'டண்' என்று எழும்பியது. இளவட்டங்கள் ஆடித் தீர்த்தார்கள். ஆனால் ஒரு ஒப்பந்தம்: தப்பு அடிக்கும்போது நாயனம் கிடையாது, நாயனம் எடுக்கும்போது தப்பு கிடையாது. ஊர்வலத்தில் இரண்டும் ஒரே நேரத்தில் போட்டி போட்டால் எதுவும் கேட்காது, வெறும் சத்தம்தான். கோயிலிலிருந்து கடைத்தெரு முனை வரை தப்பு. அங்கே காரை நிறுத்தி, மாப்பிள்ளைக்குப் பன்னீர் தெளித்து, அதிலிருந்து மண்டப வாசல் வரை நாயனம். ஆரத்தி எடுக்கும்போது பெண்கள் பேச்சும் சிரிப்பும் கேட்க வேண்டாமா? அங்கே நாயனம் தணிந்து ஆனந்தபைரவிக்கு வந்தது.

மாலை வரவேற்புக்கு மெல்லிசைக் குழு வேண்டாம் என்று பிடிவாதமாக நின்றேன். பாடகர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, அந்த ஸ்பீக்கர்கள் மேல்தான். வருஷக்கணக்காகப் பார்க்காத ஒன்றுவிட்ட சித்தி, பெங்களூரிலிருந்து வந்த மச்சான், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் என்று ஒரு கூட்டமே பேசுவதற்காகத்தான் வருகிறது. அவர்களை ஆளுயரப் பெட்டிக்கு முன்னால் உட்காரவைத்து, "நல்லா இருக்கீங்களா?" என்பதையே நாலு தடவை கத்த வைப்பது என்ன உபசாரம்? போதாக்குறைக்கு இரவு 10 முதல் காலை 6 வரை மூடிய அரங்குக்கு வெளியே ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. 9.30க்குச் சூடு பிடித்து 10க்குப் போலீஸ் வந்து நிறுத்தச் சொல்கிற கச்சேரியை எத்தனை இடத்தில் பார்த்தாகிவிட்டது.

அதற்குப் பதில் 7 மணியிலிருந்து 8 மணிவரை நாயனக் கச்சேரி. ஊரில் கேட்கத் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இதற்கென்றே சீக்கிரம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்ட இரண்டு மிராசுதார் தாத்தாக்களை அன்றைக்குப் பார்த்தேன். கடைசிக் கால் மணி இளையராஜா மெட்டுகள். அந்த மெட்டுகள் நாயனத்தில் எவ்வளவு பாந்தமாக உட்காருகின்றன என்பதைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும். அதன்பின் மேடையில் போட்டோ வரிசை நடக்கும்போது பதிவு செய்த பாட்டு, பேச்சுக்குக் கீழே.

பதிவு செய்த பாட்டில் இரண்டு தொல்லை உண்டு. பாட்டைப் போனிலிருந்து ப்ளூடூத்தில் விடுவார்கள். நடுவில் யாரோ கூப்பிட, ரிங்டோன் மண்டபம் முழுக்க அலறும். இல்லையென்றால் இலவச ஆப்பிலிருந்து இன்சூரன்ஸ் விளம்பரம் வரும். மணமக்கள் மாலையோடு நிற்கும்போது "உங்கள் குடும்பத்தின் பாதுகாப்புக்கு" என்று. ஒரு பழைய போனில் எல்லாவற்றையும் இறக்கி, சிம்மைக் கழற்றிவிட்டு ஒயரில் மாட்டிவிட்டால் தீர்ந்தது. இரண்டாவது தொல்லை பெரியது: வரிகள். மெட்டு இனிமையாக இருக்கிறதே என்று, காதலி இன்னொருவனைக் கட்டிக்கொண்டு போன துக்கத்தில் பாடுகிற பாட்டை வரவேற்பில் ஓடவிடுவது நம்மூரில் சர்வ சாதாரணம். கேட்கிறவர்கள் தலையாட்டுகிறார்கள். மாப்பிள்ளையின் பழைய நண்பன் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறான். ஒவ்வொரு பாட்டையும் பல்லவி, சரணம் முழுக்கப் படித்துப் பார்த்துப் பாதியை வெட்டினேன்.

வாத்தியத்தில் வார்த்தை இல்லைதான், ஆனாலும் நாயனக்காரர் அங்கேயும் கவனமாக இருந்தார். என் பட்டியலைக் கடைசியில் வாங்கிப் பார்த்தவர் மூன்றை அடித்தார். அதில் ஒன்று, சோக ராகம் என்று பேர் வாங்கிய முகாரி. அதைப் பற்றிக் கேட்டேன். "முகாரியில சந்தோஷமான கீர்த்தனையும் இருக்கு தம்பி. கச்சேரியில வாசிப்பேன். கல்யாணத்துல எடுத்தா உங்க அத்தைமாரே கரண்டியத் தூக்கிட்டு வருவாங்க" என்றார்.

முகூர்த்த நாள் விடியலில் பௌளி ராகம். மண்டபத்து ரூம்களில் பாதித் தூக்கத்தில் கிடந்தவர்களை எழுப்ப அதைவிட மரியாதையான வழி எனக்குத் தெரியாது. கதவைத் தட்டி "எழுந்திரிங்க, எழுந்திரிங்க" என்று யாரும் கத்தவில்லை. மேளக்காரர்களுக்கு அதற்கு முன்பே சுடச்சுடக் காப்பியும் இரண்டு இட்லியும் போயாகிவிட்டது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு நாயனம் ஊத முடியாது, பட்டினியோடும் முடியாது. பல கல்யாணங்களில் இவர்களுக்குக் காலைப் பலகாரம் என்பது பந்தி எல்லாம் ஓய்ந்து 10 மணிக்கு மிச்சம் இருந்தால் கிடைப்பது. அப்புறம் மேளம் சுரத்தே இல்லை என்று குறை சொல்வார்கள்.

இடம். இதைப் பற்றி எனக்கு ஆத்திரமே உண்டு. பந்தல் போட்டுக் கல்யாணம் செய்த காலத்தில் மேளம் மணவறைக்குப் பக்கத்திலேயே ஜமக்காளத்தில் உட்காரும். இப்போது மண்டபம் கட்டுகிறவர்கள் ஐஸ்கிரீம் கவுண்ட்டருக்கு இடம் விடுகிறார்கள், செல்பி எடுக்க ஊஞ்சல் வைக்கிறார்கள், மேளத்தைத் தூணுக்குப் பின்னால் ஜெனரேட்டர் சத்தத்தில் தள்ளுகிறார்கள். ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்து, கோட்டு போட்டுக்கொண்டு, இந்தக் கலைக்காரர்களுக்கு உரிய மரியாதையை வாதாடி வாங்கியது எதற்காக? மரியாதையை விடுங்கள், வேலைக்கே அது ஆகாது. நாயனக்காரர் கண்ணுக்கு ஐயரின் கை தெரிய வேண்டும். நாங்கள் மேடையின் இடது ஓரத்தில், மணவறையைச் சாய்வாகப் பார்க்கும்படி ஒரு தாழ்ந்த பலகை போட்டு உட்காரவைத்தோம். அவருக்கும் அக்கினிக்கும் நடுவே யாரும் நிற்கக் கூடாது என்று வீடியோக்காரரிடம் முதல் நாளே சொல்லி, கோலமாவால் தரையில் ஒரு கோடும் இழுத்தாயிற்று. அவர் நல்ல மனுஷன், "கோடு எங்களுக்கும் நல்லதுதாங்க, மாமாக்கள் ஃபிரேமுக்குள்ள வர மாட்டாங்க" என்றார்.

கண்ணுக்குக் கை தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உறவில் நடந்த ஒரு கல்யாணமே சாட்சி. மேடையில் ஐயர் தாலித் தட்டைப் பெரியவர்களிடம் ஆசி வாங்கி வரக் கொடுத்தனுப்பினார். தூக்கியதைப் பார்த்த ஒரு சித்தப்பா, கட்டத்தான் எடுக்கிறார் என்று நினைத்து, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று இரண்டு கையையும் விசிறினார். தூணுக்குப் பின்னால் இருந்த மேளக்காரர்களுக்குத் தெரிந்தது அந்தக் கை மட்டும். இரண்டு தவிலும் வெடித்தன. 500 பேர் எழுந்து நின்று அட்சதை போட்டார்கள். தாலி அப்போது ஐந்தாவது வரிசையில், பாவாடை சட்டை போட்ட ஒரு சின்னப் பெண்ணின் கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை தலையில் விழுந்த மஞ்சளரிசியைத் தட்டிக்கொண்டே திருதிருவென்று விழித்தார். அதோடு போயிற்றா? அடுக்களையில் கெட்டிமேளம் கேட்டதும் மாஸ்டர் இலையைப் போட்டு உப்பு, ஊறுகாய் வைக்கச் சொல்லிவிட்டார். நிஜத் தாலி ஏறும்போது பாதிப் பேர் கையில் அரிசியே இல்லை, மீதிப் பேர் பந்தியில் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

அபசகுனமாக எதுவும் காதில் விழக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது கெட்டிமேளம். ஒரு தும்மல், ஒரு அழுகை, ஒரு தகராறு எதுவும் அந்த நொடியில் கேட்கக் கூடாது. ஆக அது எப்போது எழ வேண்டும் என்பதை ஒரே ஒருவர்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் கல்யாணத்தில் ஐயர் நிமிர்ந்து நாயனக்காரரைப் பார்த்துத் தலையசைப்பதுதான் உத்தரவு. வேறு எந்தக் கைக்கும், எந்தக் குரலுக்கும் தவில் அசையாது என்று ஏற்பாடு. மேற்படி சித்தப்பாவுக்குத் தாம்பூலப் பை கொடுக்கிற பொறுப்பைக் கொடுத்து வாசலில் நிறுத்தியிருந்தோம்.

9.05க்குச் சரியாகக் கூறை போகவில்லை, 9.12 ஆயிற்று. தங்கை மாடிப்படி ஏறியதும் கல்யாணி எழுந்தது. முதல் சில நிமிஷம் மண்டபம் வழக்கம்போல் சளசளவென்று இருந்தது. மேல் ஸ்தாயியில் ஒரு இடத்தில் நின்று, இறங்காமல், அங்கேயே சுழன்றபோது பேச்சு வரிசை வரிசையாக அடங்கியதை நான் தூண் ஓரத்திலிருந்து பார்த்தேன். கீர்த்தனை முடிந்து தவில்தனி. வலது கை விரல்களில் மாட்டிய கூடுகள் தவிலின் வலந்தலையில் பொரிய, இடது கையில் பூவரசங்கழி தொப்பி என்கிற இடது பக்கத்தில் இடித்துக்கொண்டே வந்தது. இரண்டு தவில்காரர்களும் மாறி மாறிக் கொடுத்து வாங்கினார்கள். மாடிப்படியில் நின்ற என் மைத்துனன் கை தூக்கினான். நாயனக்காரர் தவில்காரரை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான்; அடுத்த ஆவர்த்தத்தில் கோர்வை என்கிற முடிப்புக் கணக்கைப் பிடித்து, மூன்று தடவை வைத்துத் தீர்மானம். அந்தக் கடைசி அடியும் தங்கை மணவறைப் படியில் கால் வைத்ததும் கிட்டத்தட்ட ஒன்றாக விழுந்தன. ஒத்திகை பார்த்த மாதிரி இருந்தது என்று மாப்பிள்ளை வீட்டில் இன்னும் சொல்கிறார்கள். 9.52க்குத் தாலி.

அதற்குப் பிறகுதான் பலர் மேளத்தை மறந்துவிடுகிறார்கள். பந்திக் கணக்கைப் பாருங்கள். எங்கள் மண்டபத்தில் ஒரு பந்திக்கு 150 இலை. இலை போட்டு, பரிமாறி, எடுத்து, துடைத்து மறு இலை போட 40 நிமிஷம். 600 பேர் என்றால் நாலு பந்தி, ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம். தாலி கட்டிய கையோடு எல்லாரும் ஒரே வாசலில் முண்டுவதற்குக் காரணம் பசி இல்லை. காலையில் கடப்பாவும் இட்லியும் பொங்கலும் அசோகாவும் தின்ற வயிறு. உள்ளே இருக்க ஒன்றுமில்லை என்பதுதான் காரணம். மேளத்தை நிறுத்தாமல் தொடரவிட்டால், அம்மி மிதிப்பது, அருந்ததி பார்ப்பது, பாலும் பழமும் என்று மேடையில் நடப்பதற்கு ஒரு கூட்டம் நிற்கிறது. எங்களுக்கு முதல் பந்தியில் யாரும் நாற்காலிக்குப் பின்னால் காவல் நிற்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் மட்டும் ஸ்பீக்கர் வைக்கவேயில்லை. "ரசம் ரசம்" என்பதும் "இங்க ஒரு சாதம்" என்பதும் காதில் விழ வேண்டிய இடம் அது.

மொய் மேசையையும் மேளத்திலிருந்து தள்ளிப் போடுங்கள். வாசலுக்கு வெளியே போட்டால் இன்னும் நல்லது. நோட்டுப் புத்தகத்தில் எழுதுகிற மாமா "எந்த ஊரு? யார் மவன்?" என்று கேட்டு, பதில் சரியாகக் காதில் விழாமல், பேரளத்தைப் பேராவூரணி என்று எழுதிவிட்டால் அடுத்த தலைமுறை வரை கணக்கு உதைக்கும்.

கடைசியில் மத்யமாவதி பாடி மங்களம். சம்பாவனையை மட்டும் பந்தியெல்லாம் ஓய்ந்து, கணக்கெல்லாம் பார்த்து, சமையல்காரருக்கும் பந்தல்காரருக்கும் கொடுத்த பிறகு என்று வைக்காதீர்கள். நாங்கள் மங்களம் முடிந்ததும் மேடையிலேயே, மணமக்கள் கையால், தாம்பாளத்தில் வேட்டி துண்டு, பழம், கும்பகோணம் கொழுந்து வெற்றிலை, பாக்கு, பேசிய தொகை எல்லாம் வைத்துக் கொடுத்தோம். மூன்றாவது பந்தியில் அவர்கள் எல்லாருக்கும் இலை ஒதுக்கியிருந்தது. அன்று சாயங்காலமே நன்னிலத்தில் இன்னொரு மாப்பிள்ளை அழைப்பு. பாயசத்தையும் மோரையும் அவசரமாக முடித்துக்கொண்டு வேனில் ஏறினார்கள். தவில்காரர் மட்டும் அடுக்களைப் பக்கம் போய் மாஸ்டரிடம் ஒரு டப்பா நிறைய அசோகா வாங்கிக்கொண்டு வந்தார், வேன் அதற்காகக் கொஞ்ச நேரம் நின்றது.